குளிரில் நின்றுபோகும் ஈஸ்ட் செல்: நுண்குழல் குலைந்தால் குரோமோசோம்களுக்கு என்ன ஆகிறது

நான் படித்த பாடநூலில், ஒரு செல்லின் உட்கரு இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸுக்கென்று ஒரு பக்கம் நிறையப் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் வந்த கதிர்கோல் இழைகள் அவற்றைப் பற்றியிருக்கும். அடுத்த படத்தில் அவை இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் செல்லுக்குள் என்ன நடக்கிறது, பிரியலாம் என்ற முடிவை எது எடுக்கிறது, இழைகள் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று மாணவர்களுக்கு அதே பாடத்தை நடத்தும்போதும், அந்த இடைவெளியில்தான் என் மனம் நிற்கிறது. அதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, மரபணு சிதைந்த ஈஸ்ட் செல்களை வைத்துத்தான் தெரிய வந்தது.

செல் பிரிவுக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை முற்றிலும் நீக்கிவிட்டால் செல் இறந்துவிடும். இறந்த செல்லை வளர்த்து ஆராய முடியாது. ஆகவே, ஒரு வெப்பநிலையில் ஒழுங்காக வேலை செய்து, இன்னொரு வெப்பநிலையில் மட்டும் செயலிழக்கும் புரதத்தைத் தரக்கூடிய சடுதிமாற்றங்களைத் தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்டில் இந்த வழியைத் தொடங்கிவைத்தார். எடின்பரோவில் பால் நர்ஸ், பிளவுறு ஈஸ்ட் எனப்படும் ஷைசோசாக்கரோமைசிஸ் பாம்பேயில் அதே வழியில் சென்றார். 2001இல் டிம் ஹன்ட்டோடு சேர்ந்து இருவரும் நோபல் பரிசு பெற்றது பலருக்கும் தெரியும். நுண்குழல்களைப் பொறுத்தவரை எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிட்சுஹிரோ யனகிடாவின் குழு 1980களின் முதற்பாதியில் செய்த வேலை.

அவர்கள் எடுத்துக்கொண்டது பிளவுறு ஈஸ்டைத்தான். ரொட்டி ஈஸ்டில் 16 குரோமோசோம்கள் உண்டு. அவை மிகச் சிறியவை என்பதால் ஒளி நுண்ணோக்கியில் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது கடினம். பிளவுறு ஈஸ்டில் மூன்றே மூன்று குரோமோசோம்கள். செல், கோல் வடிவில் சுமார் 14 மைக்ரோமீட்டர் நீளம் வரை வளர்ந்து, நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகும். மனிதச் செல்லைப் போல இதன் உட்கரு உறை பிரிவின்போது கரைந்துபோவதில்லை. உறைக்குள்ளேயே கதிர்கோல் உருவாகி, சுமார் 2 மைக்ரோமீட்டரிலிருந்து 10 மைக்ரோமீட்டருக்கு மேலாக நீண்டு, உட்கருவையே இரண்டாக இழுத்துப் பிரிக்கிறது.

கதிர்கோல் நுண்குழல்களால் ஆனது. ஆல்ஃபா டியூபுலின், பீட்டா டியூபுலின் என்ற இரண்டு புரதங்கள் இணைந்து ஓர் அலகாகின்றன. அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இழையாகி, இழைகள் பக்கவாட்டில் ஒட்டிச் சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன. குழல் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. ஒரு முனையில் அலகுகள் சேரச்சேர வளர்ந்துகொண்டிருக்கும் குழல், பீட்டா டியூபுலினில் உள்ள ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறு சிதைந்த நிலையில், சட்டென்று உதிர்ந்து குறுகத் தொடங்கும். பிறகு மீண்டும் வளரும். இந்த நிலையற்ற இயக்கத்தை டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984இல் எடுத்துரைத்தார்கள். குழலுக்கு இன்னொரு குணமும் உண்டு. சூடு அதன் சேர்க்கைக்குத் துணைசெய்கிறது. குளிர் அதைக் கலைக்கிறது. ஆகவே டியூபுலின் மரபணுவில் ஏற்படும் சிறு பழுது, சாதாரண வெப்பநிலையில் தாக்குப்பிடித்துவிட்டுக் குளிரில் வெளிப்பட நல்ல வாய்ப்பு உண்டு. கியோட்டோ குழு சூட்டில் நிற்கும் செல்களோடு நிறுத்திக்கொள்ளாமல், குளிரில் உட்கரு பிரியாமல் நின்றுபோகும் செல்களையும் தேடியது, இப்போது நினைத்துப் பார்த்தால், எவ்வளவு பொருத்தமான தேர்வு என்று வியக்கிறேன்.

1983இல் தகாஷி டோடாவும் உடன் பணியாற்றியோரும் அந்தச் செல்களின் தொகுப்பை வெளியிட்டார்கள். என்டிஏ என்ற பெயரில் வரிசையிடப்பட்ட அந்த மரபணுக்களில் இரண்டு, என்டிஏ2, என்டிஏ3. மறு ஆண்டே அவை எவை என்பது தெளிவாயிற்று: என்டிஏ2 ஓர் ஆல்ஃபா டியூபுலினையும், என்டிஏ3 பீட்டா டியூபுலினையும் தரும் மரபணுக்கள். என்டிஏ3இன் ஒரு வகையான கேஎம்311 தனிப் புகழ் பெற்றது. அதை 20 டிகிரி செல்சியஸில் வைத்தால், செல்கள் பிரிவின் தொடக்கம் வரை வந்து, குரோமோசோம்களைச் சுருக்கித் தடிமனாக்கிக்கொண்டு, அப்படியே நின்றுவிடுகின்றன. கதிர்கோல் கிடையாது. 36 டிகிரிக்கு மாற்றியதும் சில நிமிடங்களில் கதிர்கோல் தோன்றி, நின்றிருந்த செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குரோமோசோம்களைப் பிரிக்கத் தொடங்குகின்றன.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இந்த வகைச் செல்களை நானே வளர்த்துப் பார்த்திருக்கிறேன். குலுங்கிக்கொண்டிருக்கும் நீர்த்தொட்டியில் 20 டிகிரியில் குடுவை சில மணி நேரம் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, உறைகுளிரில் வைத்த மெத்தனாலில் நிலைப்படுத்தி, டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி சாயத்தைச் சேர்த்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண ஈஸ்ட் செல்லில் உட்கரு மங்கலான ஓர் அரைவட்டமாகத்தான் தெரியும். இந்தச் செல்களில், இருண்ட புலத்தில், ஒவ்வொரு கோலின் நடுப்பகுதியிலும் மூன்று தனித்தனிக் கீற்றுகள் ஒளிர்ந்தன. ஒன்று மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் குட்டையானது. குவியத்தை மிக மெதுவாகத் திருப்பினால் ஒன்று மறைந்து இன்னொன்று தெளியும். நுண்ணோக்கியில் எண்ண முடியாதவை என்று நான் நினைத்திருந்த ஈஸ்ட் குரோமோசோம்களை விரல்விட்டு எண்ண முடிந்தது. கியோட்டோ குழுவினரும் இதே மாதிரி நின்றுபோன செல்களில்தான் 1983இல் மூன்று குரோமோசோம்களைக் கண்ணுக்குக் காட்டினார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். நுண்குழல் இல்லாததால் குரோமோசோம்கள் பிரியவில்லை என்பது எதிர்பார்த்த செய்திதான். இழுக்க ஆள் இல்லை, ஆகவே இழுபடவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். செல் ஏன் நின்றது? டியூபுலின் குலைந்தது கதிர்கோலைத்தான் பாதித்தது. குரோமோசோம்கள் சுருங்கிய நிலையிலேயே ஏன் இருக்க வேண்டும்? ஒரு குரோமோசோமின் இரு நகல்களாக ஒட்டியிருக்கும் சகோதரிக் குரோமேட்டிடுகளின் பிணைப்பு ஏன் அவிழவில்லை? குறுக்குச் சுவர் ஏன் எழும்பவில்லை? இவை எவற்றுக்கும் நுண்குழல் நேரடியாகத் தேவையில்லை. இருந்தும் எல்லாம் நின்றிருக்கின்றன. வெப்பம் திரும்பியதும் எல்லாம் ஒழுங்காகத் தொடர்கின்றன. என்டிஏ3 செல் பழுதால் உறைந்துபோய்விடவில்லை. அது காத்திருக்கிறது. நுண்குழல் சடுதிமாற்றங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் ஒருவருக்குச் சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்வேன்.

காத்திருக்கச் செய்வது எது என்பதற்கான விடை 1991இல் ரொட்டி ஈஸ்டிலிருந்து கிடைத்தது. ஆன்ட்ரூ ஹோய்ட்டின் குழுவும், ஆன்ட்ரூ மரேயோடு ரோங் லியும், தனித்தனியே ஒரே மாதிரியான தேடலை நடத்தினார்கள். நுண்குழல்களைக் கலைக்கும் பெனோமில் என்ற பொருளைக் கொடுத்தால் சாதாரண ஈஸ்ட் நின்று காத்திருக்கும்; காத்திருக்கத் தெரியாமல் பிரிவைத் தொடர்ந்து மடியும் ஈஸ்ட் எது என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்தவையே பப் என்றும் மேட் என்றும் பெயரிட்ட மரபணுக்கள். அவை சேர்ந்த ஏற்பாட்டுக்குக் கதிர்கோல் சோதனைச்சாவடி என்று பெயர். குரோமோசோமின் சென்ட்ரோமியரில் நுண்குழல் வந்து பற்றும் இடமான கைனெட்டோகோர் வெறுமையாக இருக்கும்வரை, அங்கே மேட்1, மேட்2 முதலான புரதங்கள் திரள்கின்றன. மேட்2 அங்கே வடிவம் மாறி, சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. பிளவுறு ஈஸ்டில் அதற்கு இணையானது எஸ்எல்பி1. அது முடங்கினால், புரதங்களை அழிவுக்கு அடையாளமிடும் ஏபிசி என்ற பெரிய நொதித் தொகுதி வேலை செய்யாது.

ஏபிசி அழிக்க வேண்டியவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று சைக்ளின் பி; அது இருக்கும்வரை செல் மைட்டாசிஸிலேயே இருக்கும். மற்றது செக்யூரின், பிளவுறு ஈஸ்டில் அதற்குக் கட்2 என்று பெயர். கட்2, தன்னோடு பிணைந்திருக்கும் கட்1 என்ற செப்பரேஸ் நொதியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. கட்2 அழிந்ததும் கட்1 விடுபட்டு, சகோதரிக் குரோமேட்டிடுகளைப் பிணைத்திருக்கும் கோஹெசின் வளையத்தின் ஓர் உறுப்பை வெட்டிவிடுகிறது. அப்போதுதான் கதிர்கோலின் இழுவைக்குப் பலன் கிடைக்கிறது. ஆக, பாடநூலின் இரண்டு படங்களுக்கும் நடுவில், இழுவைக்கு முன்பாக ஒரு வெட்டு நடக்கிறது. அந்த வெட்டுக்கு முன்பாக, ஒவ்வொரு கைனெட்டோகோரும் பற்றப்பட்டுவிட்டதா என்ற சரிபார்ப்பு நடக்கிறது.

இது தெரிந்த பிறகு என்டிஏ3 செல்லிலிருந்து மேட்2 மரபணுவையும் எடுத்துவிட்டுக் குளிரில் வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம், ஊகித்தபடியேதான் ஆகிறது. கதிர்கோல் இல்லை. அதைக் கவனித்துச் சொல்ல மேட்2வும் இல்லை. ஆகவே செல் நிற்பதில்லை. பிணைப்பு வெட்டப்படுகிறது, குறுக்குச் சுவர் எழும்புகிறது, இடம்பெயராத குரோமோசோம்கள் ஒரு பக்கமே தங்கியோ சுவரில் சிக்கியோ போகின்றன. டியூபுலின் பழுது ஒன்றே இருந்தபோது வெப்பம் திரும்பினால் பிழைத்திருக்கும் செல், இரண்டாவது பழுதும் சேர்ந்ததும் விரைவில் உயிர்த்திறனை இழக்கிறது. மேட்2 மட்டும் இல்லாத ஈஸ்ட், நுண்குழல் நன்றாக இருக்கும்வரை வழக்கம்போலவே வளர்கிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெனோமிலைப் போலவே நுண்குழல்களைக் கலைக்கும் தயபெண்டசோல் கலந்த அகார் தட்டில் பத்துப் பத்து மடங்காக நீர்த்த துளிகளை வரிசையாக இட்டால், சாதாரண ஈஸ்ட் கடைசித் துளிவரை புள்ளி புள்ளியாக முளைத்து நிற்க, மேட்2 இல்லாத வரிசை முதல் ஓரிரு துளிகளோடு வெறுமையாகிவிடும். மருந்தில்லாத தட்டில் இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் காண்பது கடினம்.

சுவர் எழும்புவது உட்கரு பிரிவதற்காகக் காத்திருக்காத சடுதிமாற்றங்களை யனகிடாவின் குழு 1986இல் தனியே தொகுத்து, அவற்றுக்கே கட் என்று பெயரிட்டது. மேலே சொன்ன கட்1, கட்2 அந்தத் தொகுப்பிலிருந்து வந்தவைதான். அச்செல்களைப் பார்க்கும்போது மனம் கனக்கும்: கோலின் நடுவில் சுவர், அதன் குறுக்கே பிதுங்கி இரு பக்கமும் கிழிந்த நிலையில் ஒரே ஓர் உட்கரு. அவை ஒவ்வொன்றிலும் பழுதான மரபணு வேறு. ஒன்றில் வெட்டும் நொதி, இன்னொன்றில் குரோமோசோமைச் சுருக்கும் காண்டென்சின், மற்றொன்றில் நுண்குழலின் மேல் நடக்கும் இயக்குபுரதம். தோற்றம் மட்டும் ஒன்று. ஒரு செல் எப்படி இறந்தது என்பதை வைத்து எந்த மரபணு கெட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதை மாணவர்களுக்கு இந்தத் தொகுப்பைக் காட்டித்தான் விளக்குகிறேன்.

மறுதலையும் உண்மை. ஒரே மரபணு, கெடும் இடத்தைப் பொறுத்து, வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது. அதே பீட்டா டியூபுலினில் வேறோர் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் குளிர் தொல்லை செய்வதில்லை; பெனோமில் தொல்லை செய்வதில்லை. அந்த மாதிரியான சடுதிமாற்றம் ஒன்று பிளவுறு ஈஸ்டில் பென்1 என்று முன்பே பெயர் பெற்றிருந்தது. பிறகு அது என்டிஏ3 மரபணுவேதான் என்று தெரிந்தது. இது ஆய்வகத்தோடு நிற்கும் சங்கதியில்லை. நம் ஊர் உழவர்கள் விதைநேர்த்திக்குக் கிலோ விதைக்கு 2 கிராம் என்று கலக்கும் கார்பெண்டாசிம், பெனோமில் நீரில் சிதையும்போது கிடைக்கும் அதே பொருள். பூஞ்சையின் பீட்டா டியூபுலினில் ஒட்டி, அதன் உட்கரு பிரிவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. தொடர்ந்து அடித்த வயல்களில் அது பலிக்காமல் போவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், பூஞ்சையின் பீட்டா டியூபுலினில் 198ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலமோ 200ஆம் இடத்து ஃபினைல் அலனினோ வேறொன்றாக மாறிவிடுவது. பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் இதே குடும்பம். அது புழுவின் பீட்டா டியூபுலினைப் பற்றுகிறது. ஆட்டின் குடற்புழுக்களில் இந்த மருந்து தோற்றுப்போனதற்குக் கண்டறிந்த காரணங்களுள் முதன்மையானதும் அதே 200ஆம் இடத்து மாற்றம்தான். செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் விலங்கின் டியூபுலினோடு இறுக ஒட்டிக்கொள்கிறது; டியூபுலின் என்ற புரதத்தை முதலில் பிடித்துக்கொடுத்ததே அதுதான். ஆனால் ஈஸ்டின் டியூபுலினிடம் கோல்சிசினின் செல்வாக்கு மிகக் குறைவு. அதனால்தான் ஈஸ்ட் ஆய்வகங்களில் பெனோமிலும் அதன் உறவுப் பொருள்களும் புழங்குகின்றன.

டியூபுலின் மரபணுவில் எந்தப் பழுதும் இல்லாமலேயே நுண்குழல் குலையலாம். டியூபுலினை உரிய வடிவில் மடித்து, ஆல்ஃபாவையும் பீட்டாவையும் இணைத்துக் கொடுக்கும் துணைப்புரதங்கள் உண்டு. ரொட்டி ஈஸ்டில் குரோமோசோம்களை அடிக்கடி இழக்கும் செல்களைத் தேடியபோது கிடைத்த சின்1 அவற்றுள் ஒன்று. அளவு கூடினாலும் ஆபத்துதான்: பீட்டா டியூபுலின் மட்டும் ஆல்ஃபாவை மிஞ்சிப் பெருகினால் ரொட்டி ஈஸ்டின் நுண்குழல்கள் அழிந்து செல் இறக்கிறது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கட்7இன் கதை. கட்7 கைனசின்-5 வகை இயக்குபுரதம் என்பதை அயன் ஹேகனும் யனகிடாவும் 1990இல் காட்டினார்கள். எதிரெதிர்த் திசையில் அமைந்த இரண்டு நுண்குழல்களை ஒரே நேரத்தில் பற்றி, அவற்றை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவது அதன் பணி. அது இல்லையென்றால் கதிர்கோலின் இரு துருவங்களும் பிரிய முடியாமல் அருகருகே நின்று, நுண்குழல்கள் ஆங்கில வி எழுத்தின் வடிவில் கிளம்புகின்றன. குரோமோசோம்களுக்குப் போக இரு திசை இல்லை. பிறகு சுவர் எழும்பி உட்கருவைக் கிழிக்கிறது. கட்7 இல்லாமல் பிளவுறு ஈஸ்ட் உயிர்வாழாது.

இன்னோர் இயக்குபுரதம் பிகேஎல்1, கைனசின்-14 வகை. கட்7 வெளியே தள்ள, இது உள்ளே இழுக்கிறது. இதை நீக்கினால் செல் சாவதில்லை. பெரிய தொல்லைகூட இல்லை. கட்7, பிகேஎல்1 இரண்டையும் சேர்த்து நீக்கினால் செல் பிழைத்துக்கொள்கிறது. இன்றியமையாதது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட ஒரு மரபணு, இன்னொன்றும் இல்லாதபோது இன்றியமையாததாக இருப்பதில்லை. முதல்முறை இதைக் கேட்ட மாணவர்கள் நம்ப மறுத்ததில் எனக்கு வியப்பில்லை. கட்7 இல்லாத செல்லைக் கொன்றது தள்ளும் விசையின் இல்லாமை என்றே நாம் எழுதி வந்தோம். உண்மையில், எதிர்க்க ஆளின்றி நடந்த இழுவையும் சேர்ந்தே அதைக் கொன்றிருக்கிறது. ரொட்டி ஈஸ்டிலும், இரண்டு கைனசின்-5 புரதங்கள் செயலிழந்த செல்லுக்கு, காரி3 என்ற கைனசின்-14இன் குறைவு ஓரளவு கைகொடுப்பதை 1990களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார்கள்.

அப்படியானால், தள்ளவும் இழுக்கவும் இயக்குபுரதங்கள் இல்லாத அந்தச் செல்லில் துருவங்களை யார் விலக்குகிறார்கள்? 2017இல் வெளிவந்த ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. எதிரெதிராக வளரும் நுண்குழல்களைக் குறுக்கே கட்டும் ஏஸ்1 என்ற புரதம் அவற்றை இணையாகப் பிடித்துவைக்கிறது; பிறகு குழல்கள் வளர்வதே துருவங்களை அப்பால் தள்ளப் போதுமானதாகிவிடுகிறது. சாதாரண ஈஸ்டிலிருந்து ஏஸ்1ஐ மட்டும் நீக்கினால் செல் வாழும். கட்7, பிகேஎல்1 இரண்டும் இல்லாத செல்லிலிருந்து ஏஸ்1ஐயும் எடுத்துவிட்டால் இரு துருவக் கதிர்கோல் அமைவதில்லை. அந்தச் செல்லுக்கு வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை.